ஈரத்தில் பார்க்க வேண்டிய நிறம்

வலது கண்ணுக்குப் பின்னால்தான் முதலில் வலிக்கும். சாயங்காலம் நாலு மணி ஆனால் போதும், உள்ளிருந்து யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும். அங்கிருந்து பிடரிக்கு இறங்கித் தோள்பட்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒன்பது மணி நேரம் நகத்தளவு பொருளைக் குனிந்து பார்த்தால் அப்படித்தான். ஆனால் இதை வீட்டில் சொன்னால் எடுபடாது. என் அப்பா ஹவுராவில் வார்ப்படப் பட்டறையில் அச்சு போட்டவர். அம்மா அதே பட்டறையில் மணல் சுமந்தவள். எங்கள் வீட்டில் முதுகு வலிக்கும், இடுப்பு வலிக்கும், இரும்புக் குழம்பு தெறித்த கால் வலிக்கும். கண் வலி என்பது வேலையில்லாதவர்களுக்கு வருகிற நோய்.

"உக்காந்த எடத்துல பல்லு பாக்கறவளுக்கு இன்னாடி வலி?" என்பாள் ராஜம் அண்ணி. அவள் என் புருஷனுக்கு அக்கா. ஷிப்பூரில் ஒரே வரிசை வீட்டில் அவளுக்கு மூணாவது கதவு, எங்களுக்கு நாலாவது.

பல் பார்ப்பதுதான் என் வேலை. பவானிபூரில் ஒரு சந்துக்குள், மாடியில், நிதாய் பாபுவின் பல் லேப். அங்கே டாக்டர் கிடையாது. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், நாங்கள் பல் செய்து திருப்பி அனுப்புவோம். உலோகத்தில் ஒரு தொப்பி வார்த்து, அதன் மேல் பீங்கான் மாவைத் தூரிகையால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, உலையில் வைத்துச் சுட வேண்டும். சுடுவதற்கு முன்னால் மாவு ஒரு நிறம், சுட்டு ஆறின பிறகு வேறு நிறம். பக்கத்துப் பல்லோடு வைத்தால் எது பிறந்தது எது செய்தது என்று தெரியக் கூடாது. தெரிந்தால் அந்த ஆள் செத்தாலும் சிரிக்க மாட்டான்.

அதற்கு முன்னால் நான் கரியாஹாட்டில் ஒரு மேட்சிங் கடையில் நின்றுகொண்டிருந்தேன். புடவையைக் கொண்டு வந்து, இதற்குச் சேர்ந்தாற்போல் ஜாக்கெட் துணி கொடு என்பார்கள். டியூப் லைட்டில் சேர்ந்த துணி வெயிலில் சேராது. அதனால் நான் புடவையையும் துணியையும் தூக்கிக்கொண்டு நடைபாதைக்கு இறங்கி விடுவேன். "கடையைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்குப் போறா பாரு மத்ராஸிக்காரி" என்று முதலாளி கத்துவார். நிதாய் பாபுவின் மனைவி மூன்று வருஷப் பூஜைக்கு என்னிடம்தான் துணி எடுத்தாள். நாலாவது பூஜைக்குப் புருஷனையே கூட்டி வந்து என்னைக் காட்டினாள். "இந்தப் பெண்ணுக்குக் கண் இருக்கு. உன் லேப்பில் இருக்கிற ஆறு பேருக்கும் கண்ணாடிதான் இருக்கு." அது தொண்ணூற்று ஒன்று.

லேப்பில் முதல் வருஷம் சாந்து குழைத்தேன், அச்சு கழுவினேன். இரண்டாம் வருஷம் நிதாய் பாபு மாதிரிப் பல் வரிசையை என் கையில் கொடுத்தார். சீப்பு மாதிரி ஒரு பட்டையில் பதினாறு பல். ஏ, பி, சி, டி என்று நாலு குடும்பம். கல்கத்தா வாய்க்குப் பெரும்பாலும் ஏ குடும்பம்தான். ஏ-ஒன் பால் குடிக்கிற வயசு. ஏ-டூ காலேஜ் பெண்கள். ஏ மூன்றரையை லேப்பில் 'ஷாடே தின்' என்போம். இருபது வருஷம் டீயும் பீடியும் பார்த்த பல் அது.

பார்ப்பதற்கு முறை இருக்கிறது. பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், பத்திலிருந்து இரண்டுக்குள். உதட்டுச் சாயத்தைத் துடைக்கச் சொல்ல வேண்டும். பளீர் என்று புடவை கட்டியிருந்தால் கழுத்துக்குக் கீழே சாம்பல் துணி போர்த்த வேண்டும். ஐந்து எண்ணுவதற்குள் முடிவு செய்ய வேண்டும். அதற்கு மேல் பார்த்தால் கண் பொய் சொல்லும். நீலத் துணியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் மறுபடி பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, பல் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த பல் வெளுத்துக் காட்டும். அம்மா சுமந்த மணலில் எனக்குத் தெரிந்ததுதான் இது. ஈர மணல் கறுப்பு, காய்ந்தால் அதே மணல் வெளுப்பு. சில டாக்டர்கள் பல்லைக் குடைந்து, பஞ்சை அடைத்து, காற்றடித்து, அரை மணி வாயைத் திறந்தே வைத்துவிட்டுக் கடைசியில் நிறம் பார்த்து எழுதுவார்கள். அந்தச் சீட்டை நான் திருப்பி அனுப்பி விடுவேன். "பேஷண்டை இங்க அனுப்புங்க. வழியில யார்கிட்டயும் பேசாம, வாயை மூடிக்கிட்டு வரச் சொல்லுங்க."

இவ்வளவு தெரிந்தவள்தான் நான்.

என் புருஷன் பெயர் உத்தமன். ஹவுராவில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். அவர் சிரித்தால் ஆறு கடக்கிற லாஞ்சில் அந்தக் கோடியில் உட்கார்ந்திருப்பவனும் திரும்பிப் பார்ப்பான். ராமகிருஷ்ணபூர் துறையில் ஏறி அக்கரையில் பாபு காட் துறையில் இறங்குவதற்குள் நாலு தடவையாவது சிரிப்பார். பெரிய ஹாஸ்யம் ஒன்றும் இருக்காது. கடலைக்காரன் சில்லறை கேட்பான், படிக்கட்டில் ஒருவன் வழுக்குவான், அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருக்கும். "மெதுவா சிரிங்களேன்" என்பேன். "மெதுவா சிரிக்கறதுக்குப் பேரு இருமல்டி" என்பார்.

தொண்ணூற்று ஐந்து கடைசியில் பட்டறையில் பளு தூக்குகிற செயின் புல்லியின் கொக்கி ஊசலாடி வந்து முகத்தில் அடித்தது. மூக்கு உடைந்தது. மேல் வரிசையில் நடுவில் இடது பக்கப் பல், ஈறோடு ஒட்ட ஒடிந்தது. மூக்கு கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு தூங்கும்போது வாயால்தான் மூச்சு. பல் இருந்த இடம் வழியாகக் காற்று போய் 'ச' வருகிற சொல்லுக்கெல்லாம் ஒரு விசில் சேர்ந்துகொண்டது. சோறு என்றால் விசில். சரி என்றால் விசில். முதலில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு தோளில் கிடந்த கம்சாத் துண்டால் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் சிரிப்பதையே விட்டார்.

"பல்லை நான் செய்யறேன்" என்றேன். "வேரை டாக்டர் யாராவது பார்க்கட்டும். பல்லு என் பொறுப்பு."

இரண்டு மாதத்தில் பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. மஸ்கட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஏஜென்ட் ஒருவன் சொல்ல, தர்மதலாவில் ஒரு ஹோட்டல் அறைக்குப் போய் இன்டர்வியூ கொடுத்துவிட்டு வந்தார். என்ன கேட்டார்கள் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார்.

எங்கள் லேப்பில் பல் செய்து வாங்குகிற டாக்டரம்மா ஒருவர் பவானிபூரிலேயே இருந்தார். வேர் வைத்தியம் பார்த்து, வேரில் சின்ன உலோக முளை அடித்து, அச்செடுத்து, தற்காலிகமாகப் பிளாஸ்டிக் தொப்பி ஒன்றை மாட்டினார். முடிந்தபோது இருட்டிவிட்டது.

"ஷேடு பார்த்து எழுதிடட்டுமா?" என்றார்.

"டியூப் லைட்டுல வேணாம் மேடம். வீட்டுல பகல்ல நானே பார்த்துக்கறேன்."

"நீ பார்க்கும்போது நான் பார்ப்பது எதுக்கு?" என்று சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாளே ஏஜென்டிடமிருந்து தந்தி, மஸ்கட் வேலை கிடைத்துவிட்டது. மூன்று நாளில் ரயில் ஏறிப் பம்பாய் போய்ச் சேர வேண்டும், அங்கிருந்து விமானம். நான் மாதிரிப் பல் வரிசையைக் கைக்குட்டையில் சுற்றி லேப்பிலிருந்து எடுத்து வந்தேன்.

"வாயைத் தொறங்க. அஞ்சு எண்ற நேரம்தான்."

"வேணாம்."

"ஏங்க, பல்லு வேணாமா?"

அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார். "அந்த ஓட்டல்ல ஒருத்தன் தொறக்கச் சொன்னான். தொறந்தேன். வெரலை வுட்டு ஒதட்டைத் தூக்கிப் பார்த்தான். கீழ ஒருமுறை, மேல ஒருமுறை. சந்தையில மாட்டுக்குப் பல்லைப் புடிச்சுப் பார்ப்பானே, அப்டி. பார்த்துட்டு வெரலை என் சட்டையிலேயே தொடைச்சான். இனிமே எவன் கேட்டாலும் தொறக்க மாட்டேன். நீ கேட்டாலும்."

"மாட்டைப் பார்க்கறவன் வாங்கப் பார்க்கறான். நான் ஒங்கள வாங்கவா போறேன்?"

"தானமா வந்த மாட்டுக்கு எதுக்குடி பல்லு பார்க்கற?"

இதற்குப் பழைய உத்தமனாக இருந்தால் அவரே சிரித்திருப்பார். சிரிக்கவில்லை. இரண்டு நாள் கெஞ்சினேன். ராஜம் அண்ணி வந்து, "தொறடா, பொண்டாட்டிதான கேக்கறா, போலீஸா கேக்குது?" என்று சொல்லிப் பார்த்தாள். பிடிவாதம்.

கிளம்புகிற அன்று விடிந்து வெளிச்சம் ஜன்னலுக்கு வந்துவிட்டது. அவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். மல்லாந்து படுத்து, வாய் பாதி திறந்து. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொடவில்லை. மாதிரிப் பல்லை ஒவ்வொன்றாக உதட்டுக்கு அருகில் நீட்டினேன். ஐந்து எண்ணினேன். கொடியில் தொங்கிய அவருடைய நீல லுங்கியைப் பார்த்தேன். திரும்பி ஐந்து எண்ணினேன். ஏ-டூ. சந்தேகமே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை பீடி குடித்த வாயில் இவ்வளவு வெள்ளையா, என் புருஷன் பல் நான் நினைத்ததைவிட நல்ல பல் என்று நினைத்தேன். சீட்டில் எழுதி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

ராத்திரி பூரா வாய் திறந்து காற்றில் காய்ந்த பல் அது. அடுத்தவன் எழுதின சீட்டாக இருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

நிதாய் பாபு மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். அவருடைய வங்காளி வாயில் என் பெயர் தொமொயந்தி. "தொமொயந்தி, சொந்தக்காரங்களுக்குப் பல் செய்யாதே. கண் பார்க்காது, மனசு பார்க்கும்." என் வேலை நன்றாக வருவதில் பொறாமை என்று நினைத்தேன்.

அந்தப் பல்லுக்கு நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் மற்றவர்களுக்குப் பத்துப் பல் செய்திருக்கலாம். இரண்டு தடவை சுட்டுப் பிடிக்காமல் உரித்துப் போட்டேன். மூன்றாவது தடவை நுனியில் கண்ணாடி மாதிரி வெளிச்சம் புகுந்து போவதும், ஈறுப் பக்கம் கொஞ்சம் மஞ்சள் கூடி இறங்குவதும் சரியாக வந்தது. ஃபிலிம் ரோல் வருகிற கறுப்பு டப்பியில் பஞ்சு வைத்து அதில் போட்டு என் மேஜை இழுப்பறையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மஸ்கட்டில் விடுமுறை. மத்தியானம் மூணு மணிக்கு லேப் போனுக்குக் கூப்பிடுவார். போன ஆறாவது மாதமே பிளாஸ்டிக் தொப்பி கழன்று எங்கேயோ போய்விட்டது. அதனால் விசில் திரும்ப வந்தது.

"சாப்டியா?"

அந்த முதல் எழுத்தில் ஒரு மெல்லிய காற்று. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் சத்தத்தில் இரைச்சல் இருக்கும், எதிரொலி இருக்கும். அதற்கு நடுவே அந்தக் காற்று மட்டும் என் காதுக்குள் நேராக வரும். அவர் வாய்க்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்பது போலிருக்கும். அவர் 'ச' வராத வார்த்தையாகப் பேசினால் நானே இழுத்து வருவேன். சம்பளம் போட்டாங்களா, சட்டை கிழிஞ்சிடுச்சா, சளி பிடிச்சிருக்கா.

"இன்னாடி இது, சும்மா சும்மா சளியைக் கேக்கற?"

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"இன்னா?"

"சும்மா."

நிதாய் பாபு அந்த நேரம் மட்டும் பான் வாங்கக் கீழே இறங்கிப் போய்விடுவார். நல்ல மனுஷன்.

அப்புறம் வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வரை வேலை. வருகிறவர்கள் வாயெல்லாம் பார்ப்பேன். பார்த்துவிட்டு நீலத் துணிக்குத் திரும்பும்போது அதில் அவருடைய லுங்கிதான் தெரியும். அவர் வரும்போது பல் மாட்டுவேன், மாட்டினதும் சிரிப்பார், லாஞ்சில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டே முக்கால் வருஷம் இதைத்தான் நினைத்தேன். வீடு கட்டவோ நகை செய்யவோ அல்ல. அந்தச் சத்தம் வீட்டுக்கு வர வேண்டும். அவ்வளவுதான் வேண்டும்.

தொண்ணூற்று எட்டு டிசம்பரில் வந்தார். நாற்பது நாள் லீவு. முகம் கறுத்து, முன்னந்தலையில் முடி போய், என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டே சிரிக்கப் பழகியிருந்தார். அந்த வாரமே டாக்டரம்மாவிடம் போனோம். காலைப் பதினோரு மணி. பல் மாட்டினார். ஒரு ஓரம் கொஞ்சம் உரசிச் சரி செய்தார். பசை இறுகினதும் கண்ணாடியை அவர் கையில் கொடுத்தார்.

நான் கண்ணாடிக்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன். குடிசை வரிசைக்கு நடுவில் ஒரு வீட்டுக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. மற்ற பல் எல்லாம் ஷாடே தின். இது ஏ-டூ.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அதுதான் பெரிய அடி.

உத்தமன் கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாருக்கு" என்றார். விசில் இல்லை. "அங்க போர் தண்ணி. மஞ்சளா வரும். கைனிப் பொகையிலை வேற போடறேன். நம்ம பல்லுதான் கறுத்துப்போச்சு. நீ அன்னிக்குப் பார்த்தப்ப வெள்ளையாத்தானே இருந்திருக்கும்?"

எப்போது பார்த்தாய் என்று அவர் கேட்கவில்லை. டாக்டர் அச்செடுத்தபோது பார்த்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டார். நான் திறந்து சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் டாக்டரம்மா இருந்தார். லேப்பில் நான்தான் கண். அடுத்தவன் சீட்டைத் திருப்பி அனுப்புகிறவள். "ஆமா" என்றேன்.

வீட்டு வாசலில் ராஜம் அண்ணி நின்றிருந்தாள். "எங்கடா, காட்டு." அவர் காட்டினார். "ஐயோ, இன்னாடா வாயில டியூப் லைட்டு மாட்டிக்கினு வந்துகீற! இனிமே கரன்ட் போனா கவலையில்ல." வரிசை வீடே சிரித்தது. அவர் மட்டும் வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு லீவு முழுக்க அந்த வாய் சோற்றுக்கும் டீக்கும்தான் திறந்தது.

மறுநாள் காலையில் நான் முழித்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அதே ஜன்னல், அதே வெளிச்சம், அதே திறந்த வாய். எட்டிப் பார்த்தேன். என் பல் எது என்று தெரியவில்லை. இடமா வலமா என்று ஒரு நிமிஷம் எனக்கே குழம்பியது. அவ்வளவு பொருத்தம். உயிரைக் கொடுத்துச் செய்த பல் அல்லவா. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் தூங்கும்போது மட்டும் பொருந்துகிற பல்லை நான் செய்து வைத்திருக்கிறேன். அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்தார், நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார், குழாயடிக்குப் போனார், டீ குடித்தார். அரை மணி கழித்து ஏதோ கேட்க வாயைத் திறந்தபோது சுண்ணாம்பு வீடு திரும்பவும் தனியாக நின்றது.

அன்றிலிருந்து அவர் உப்பையும் அடுப்புக்கரியையும் சேர்த்துப் பொடி செய்து தேய்க்க ஆரம்பித்தார். காலையில் ஒரு தடவை, மத்தியானம், சாயங்காலம். என் பல்லைத் தொடாமல் சுற்றி இருக்கிற பல்லை மட்டும் விரலால் தேய்ப்பார்.

"எதுக்குங்க இப்டி?"

"நம்ம பல்லு ஒன் பல்லு அளவுக்கு வரணும்ல."

ஒரு வாரத்தில் துப்பினால் சிவப்பாக வந்தது. நான் அப்போதும் சொல்லவில்லை. சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டு அவர் துப்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கேட்டால் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் ஏன் கேட்கப் போகிறார்? தப்பு அவர் பல் மேல் என்று முடிவு செய்துவிட்டாரே. முப்பது நாள் இப்படிப் போயிற்று.

கிளம்புவதற்கு முந்தின நாள் புதுப் பெட்டி வாங்கத் தர்மதலா போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். லாஞ்சில் கூட்டம் இல்லை. மத்தியானம் பன்னிரண்டு மணி. அவர் ஆற்றில் எட்டித் துப்பினார். இளஞ்சிவப்பு நுரை தண்ணீரில் விழுந்து லாஞ்சோடு கொஞ்ச தூரம் வந்தது. எனக்கு அதற்கு மேல் முடியவில்லை.

"ஒங்க பல்லு கறுக்கல. அன்னிக்கும் இதே கலர்தான். நான்தான் தப்பாப் பார்த்தேன்."

"ஒனக்கா தப்பு வரும்?"

"நீங்க வாயைத் தொறக்க மாட்டேன்னுட்டீங்க. கெளம்பற அன்னிக்கு நீங்க தூங்கறப்ப பார்த்தேன். வாய் தொறந்து கெடந்துச்சு. காஞ்ச பல்லு வெளுப்பாத் தெரியும். அது எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறவ நானு. ஆனா..."

அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"தூங்கறப்பவா?"

"ம்."

"அடிப்பாவி. மாட்டைத் தூங்க வச்சுப் பல்லைப் புடிச்சுப் பார்த்தவ ஒலகத்துலயே நீ ஒருத்திதாண்டி!"

சிரித்தார். கை இல்லை, கம்சா இல்லை. பின்பக்கம் டிக்கெட் கிழிக்கிறவன் வரை திரும்பிப் பார்த்தான். கரிப்பொடி ஒட்டின ஈறும், கறைப்பல்லும், நடுவில் என்னுடைய சுண்ணாம்பு வீடும் எல்லாம் தெரிய, மூன்று வருஷத்துச் சிரிப்பை ஒரே மூச்சில் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. எனக்கும்.

"மாசம் பூராத் தேய்ச்சேனேடி. ஈறு போச்சு!"

"மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பு எதுக்கு? பல்லை மாத்திக் குடு." சிரித்து ஓய்ந்து என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "இந்தா. பாரு. முழிச்சிக்கினு இருக்கேன். எவ்ளோ வேணுமோ அவ்ளோ பாரு."

உதட்டை நனைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். தலைக்கு மேல் நல்ல வெளிச்சம். என் கையில் மாதிரிப் பல் வரிசை இல்லை. கண் மட்டும்தான். ஐந்து எண்ணினேன். நான் கட்டியிருந்த நீலப் புடவை முந்தானையைப் பார்த்தேன். திரும்பி ஐந்து எண்ணினேன். பக்கத்துப் பல் ஷாடே தின், ஈறோரம் இன்னும் ஒரு படி கறுப்பு, நுனியில் வலமிருந்து இடமாக ஒரு மயிரிழை விரிசல், அதில் டீக்கறை. மூன்றாவது தடவை ஐந்தோடு நிறுத்தாமல் எண்ணிக்கொண்டே போனேன். லாஞ்ச் துறையில் இடித்து நின்றது.

"போதுமா?" என்றார்.

"போதாது" என்றேன்.

மறுநாள் போய்விட்டார்.

மூன்று வாரத்தில் புதுப் பல் செய்து முடித்தேன். சுட்டு ஆறினதும் எடுத்து நாக்கால் நனைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். லாஞ்சில் பார்த்ததேதான். விரிசல்கூட வைத்திருந்தேன். நிதாய் பாபு வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல ஒரு பல் இந்த லேப்பில் வராது" என்றார். அதே ஃபிலிம் டப்பியில் போட்டு வைத்தேன்.

அடுத்த லீவு இரண்டாயிரத்து ஒன்றில் வர வேண்டியது. அதற்குள் அவருடைய கம்பெனியை மூடிவிட்டார்கள். பாஸ்போர்ட்டை வைத்திருந்த முதலாளி ஆளைக் காணோம். காகிதம் இல்லாமல் அங்கேயே தினக்கூலிக்கு நிற்கிறார், இன்றைக்கு ஒரு இடம், நாளைக்கு ஒரு இடம். காகிதம் இல்லாதவன் வெளியே வந்தால் பிடிப்பார்கள். மன்னிப்பு கொடுத்து ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்று ஒவ்வொரு வருஷமும் பேச்சு வரும். வந்து போகும். அங்கே போகிறவன் கையில் பல்லைக் கொடுத்து அனுப்பலாமே என்று ராஜம் அண்ணி சொன்னாள். அங்கே யார் மாட்டுவார்கள்? காகிதம் கேட்காத பல் டாக்டர் உண்டா?

இப்போது இரண்டாயிரத்து நாலு. வரிசையில் பாதிக் கதவுகளில் ஆள் மாறிவிட்டார்கள். ராஜம் அண்ணி செல்போன் வாங்கிவிட்டாள், வெள்ளிக்கிழமை அதில் கூப்பிடுவார். வெள்ளைப் பல் மாட்டினதிலிருந்து பேச்சில் விசில் போய்விட்டது. 'சாப்டியா' என்பது யார் வேண்டுமானாலும் கேட்கிற 'சாப்டியா' ஆகிவிட்டது. ஆறு வருஷம் அதைக்கூட நானே என் கையால் அடைத்து வைத்தேன் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வெள்ளிக்கிழமை மணி அடித்தது. காதில் வைத்தேன்.

"சாப்டியா?"

காற்று. அந்த மெல்லிய காற்று.

"என்ன ஆச்சு? பல்லு?"

"விழுந்துடுச்சு. ரொட்டி கடிச்சேன், கூடவே வந்துடுச்சு. சாக்கடையில போயிட்டுது." சிரித்தார். "நல்லதாப் போச்சு. மாத்திக் குடுன்னு லாஞ்சில சொன்னேனே, செஞ்சு வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்."

"அது சேராதுடி. ஆறு வருஷம் ஆச்சு. நம்ம பல்லு இன்னும் கறுத்துப்போச்சு. இந்தத் தடவை நெசமாவே."

"வாங்க. பார்த்து வேற செய்யறேன்."

"தூங்கறப்பப் பார்க்கக் கூடாது."

"மாட்டேன்."

"சரி" என்றார். அந்த 'ச'வோடு வந்த காற்று காதில் பட்டுக்கொண்டிருக்கும்போதே போன் கட்டாகிவிட்டது.

இன்று சாயங்காலம் நாலு மணிக்கு வழக்கம்போல ஆணி அடிக்க ஆரம்பித்தது. மேஜை விளக்கை அணைத்துவிட்டு டப்பியைத் திறந்தேன். விரிசல் வைத்த பல் பஞ்சில் கிடந்தது. அவர் சொன்னது சரிதான், இது இனி அவர் வாய்க்குச் சேராது. மூடி வைத்துவிட்டு இழுப்பறையிலிருந்து புதுச் சீட்டு ஒன்றை எடுத்தேன். பேஷண்ட் பெயர் எழுதினேன். மேல் வரிசை, நடுவில் இடது பக்கம், ஒன்று என்று எழுதினேன். நிறம் என்கிற கட்டத்தைக் காலியாக விட்டேன். உத்தமனுக்கு நான் ஒரு பல் பாக்கி.